மாத்திரை காலி செய்த தீவு

கிரீட் தீவின் வடகிழக்குக் கரையில் எலுண்டா என்ற ஊர். ஊரை விட்டுக் கிழக்கே இறங்கினால் கடலுக்கு நடுவே வரப்பு போல ஒரு குறுகலான கல்பாதை நீள்கிறது. அதன் ஓரமாக, வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்து உப்பளங்கள். பாத்திச் சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. உப்பு வாருவது நின்று நெடுநாளாகிறது.

காற்று எழும்பாத காலை வேளையில் இந்தப் பாதையில் நின்று தண்ணீருக்குள் உற்றுப் பார்க்க வேண்டும். முதலில் மணலும் பாசியும்தான் தெரியும். கண் பழகப் பழக, நேர்கோடாக ஓடும் கல்வரிசை ஒன்று புலப்படும். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்த வரிசைகளும் கண்ணில் பட ஆரம்பிக்கும். ஒலூஸ் நகரத்துச் சுவர்கள் அவை.

ஒலூஸ் பழைய கிரீட்டின் நகர அரசுகளில் ஒன்று. சொந்தமாக நாணயம் அடித்த ஊர். கி.மு. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோட்ஸ் தீவோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அளவுக்கு அதன் துறைமுகத்துக்கு மதிப்பு இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து எழுதிய பௌசானியாஸ், இங்கே பிரிட்டோமார்ட்டிஸ் என்ற தேவதையின் மரச்சிலை இருந்ததாகவும் அதைச் செதுக்கியவர் கிரேக்கப் புராணத்துச் சிற்பி டீடலஸ் என்றும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கரையில் நிலம் தாழ்ந்தது, கடல் ஏறியது, துறைமுகம் நீருக்குள் போனது.

கல்பாதையின் முனையில் ஒரு சின்னக் கால்வாய், மேலே பாலம், அருகில் இறக்கை இழந்த காற்றாலைகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படையினர் வெட்டிய கால்வாய் இது. பாலத்தைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால், வெட்டவெளியில் பழைய கிறிஸ்தவத் தேவாலயம் ஒன்றின் தரை கிடக்கிறது. சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த தரையில் டால்பின்கள் நீந்துகின்றன. மனிதர்களின் பெயர்களும் அதே கற்களால் எழுதப்பட்டிருக்கின்றன. தரை போடக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை இன்றும் படிக்க முடிகிறது. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாழடைந்த ஊர்களைத் தேடிப் போகிற இந்தத் தொடரில், ஒலூஸைக் கடல் காலி செய்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நாம் போக வேண்டிய இடம் அதற்கும் வடக்கே இருக்கிறது.

எலுண்டாவுக்குத் திரும்பி, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் பிளாக்கா என்ற சிற்றூர் வரும். நல்ல வெயில், காரோப் மரங்களின் நிழல், குளம் போல அடங்கிக் கிடக்கும் கடல். நடக்க நடக்க எதிரே ஒரு பாறைத்தீவு பெரிதாகிக்கொண்டே வரும். தீவின் இடுப்பில் வட்டமாகக் கோட்டைச் சுவர். ஸ்பினலோங்கா. பிளாக்காவிலிருந்து படகேறினால் சில நிமிடப் பயணம்தான். அந்தச் சில நிமிடத் தூரத்தை வாழ்நாள் முழுக்கக் கடக்க முடியாமல் செத்தவர்களின் ஊர் அது.

கோட்டையின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துருக்கியப் படை வரும் என்ற பயத்தில் வெனிஸ் அரசு 1579இல் இதைக் கட்டத் தொடங்கியது. அஸ்திவாரத்துக்குக் கீழே ஒலூஸ் காலத்து அரண் ஒன்றின் இடிபாடு இருந்தது. கோட்டை பலமானதுதான் என்பதற்குச் சான்று உண்டு. 1669இல் கிரீட்டின் தலைநகரம் கந்தியா துருக்கியரிடம் விழுந்த பிறகும் ஸ்பினலோங்கா விழவில்லை. இன்னும் 46 ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1715இல்தான் பணிந்தது. அதன்பின் முஸ்லிம் குடும்பங்கள் வந்து வீடு கட்டின, கடை போட்டன, கடல் வணிகம் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. 1898இல் கிரீட் தன்னாட்சி பெற்றதும் அவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

காலி வீடுகளோடு ஒரு தீவு, அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர், அதையும் சுற்றிக் கடல். கிரீட்டின் புதிய அரசுக்கு அது வசதியாகப் போயிற்று. ஊர் எல்லைகளில் குடிசை போட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்த தொழுநோயாளர்களை அங்கே கொண்டுபோய் வைப்பதென்று 1903இல் முடிவானது. 1904இல் முதல் கூட்டத்தை ஏற்றிவந்தார்கள். சுமார் 250 பேர். 1913இல் கிரீட் கிரேக்க நாட்டோடு இணைந்த பிறகு, கிரேக்கத்தின் எந்த மூலையில் நோய் தெரிந்தாலும் அந்த மனிதர் இங்கே வரவேண்டியதாயிற்று.

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். ஆக, இது தெய்வ சாபம் இல்லை, கிருமியால் வருவது என்று அறிவியலுக்குத் தெரிந்த பிறகுதான் இந்தத் தீவுச்சிறையே தொடங்கியிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயல்பிலேயே எதிர்ப்பாற்றல் உள்ள நோய் அது. கிருமி என்ற சொல் பயத்தைக் குறைக்கவில்லை. பூட்டுப் போடுவதற்குப் புதுக் காரணம் கொடுத்தது.

படகிலிருந்து இறங்கியதும் கோட்டைக்குள் நுழைகிற வழி ஒரு சுரங்கம். நேராக இல்லாமல் வளைந்து போகும். உள்ளே கால் வைத்தவுடன் வெளிச்சம் குறைகிறது, கல் குளிர்கிறது. வளைவில் நிற்கும்போது பின்னால் கடலும் தெரியாது, முன்னால் ஊரும் தெரியாது. நோயாளிகள் இந்த வழியாகத்தான் வந்தார்கள். கவிஞர் தாந்தே எழுதிய நரகத்தை நினைத்து இதற்குத் ‘தாந்தே வாசல்’ என்று பெயர் வந்தது. பத்திருபது அடி எடுத்து வைத்தால் தாண்டிவிடலாம். இன்றைக்குப் பயணிகள் படமெடுத்துக்கொண்டே கடக்கிற அந்த இருட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது நல்லது.

சுரங்கம் முடிந்ததும் தெரு. இரண்டு பக்கமும் கடைகள், வீடுகள், மர ஜன்னல்கள். துருக்கியர் விட்டுப்போன வீடுகளில் நோயாளிகள் குடியேறினார்கள். தீவில் ஊற்று கிடையாது. கூரையிலும் சரிவிலும் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துத்தான் குடித்தாக வேண்டும். அரசு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தது. அதை வைத்துப் பொருள் வாங்க, பிளாக்காவிலிருந்தும் எலுண்டாவிலிருந்தும் சந்தைக்காரர்கள் காய், மீன், பாலாடைக்கட்டி கொண்டுவந்து வாசலோரம் வைப்பார்கள். நோயாளி தொட்ட காசு கிருமி நீக்கப்பட்ட பிறகே கைமாறும். கடிதங்களுக்கும் அதே கதிதான். அம்மாவுக்கு எழுதிய கடிதம் கரையேறுவதற்கு முன் மருந்துப் புகை குடிக்க வேண்டும்.

முதல் முப்பது ஆண்டுகளில் இங்கே மருத்துவமனை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சாகும்வரை வைத்திருக்கும் இடமாகவே அது இருந்தது.

1936இல் எபமினோன்தாஸ் ரெமுந்தாகிஸ் என்ற இளைஞரைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏதென்சில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். படிப்பைப் பாதியில் பிடுங்கிவிட்டார்கள், படித்தது அவரிடமே இருந்தது. வந்த ஆண்டே நோயாளிகளைச் சேர்த்து, தீவுத் தேவாலயத்துப் புனிதர் பந்தலைமோன் பெயரில் ஒரு சங்கம் அமைத்தார். அரசுக்கு மனு எழுதினார்கள், போராடினார்கள். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தெரு பெருக்க முறை வைத்தார்கள். காப்பிக் கடையும் முடிதிருத்தகமும் வந்தன. நாடகம் போட்டார்கள். 1930களின் இறுதியில் கோட்டைச் சுவரின் சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்து, தீவைச் சுற்றிவர ஒரு பாதை போட்டார்கள். தொல்பொருள் ஆர்வலர்களுக்கு அந்தச் சேதம் வருத்தம் தரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெனிஸ் தளபதிகள் கட்டிய சுவரைவிட, கூட்டுக்குள் அடைபட்டவர்கள் மாலையில் காற்று வாங்க நடந்த அந்தப் பாதைதான் ஸ்பினலோங்காவின் பெரிய நினைவுச்சின்னம்.

நோயாளிகளுக்குள் காதலும் வந்தது. சட்டம் அனுமதிக்காத கல்யாணங்களைத் தேவாலயத்தில் நடத்தினார்கள். குழந்தைகள் பிறந்தன. நோயில்லாத குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கரைக்கு அனுப்பினார்கள். பிளாக்காவின் விளக்குகள் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு அந்தத் தாய்மார்கள் எப்படி இரவைக் கழித்தார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் கிரீட்டின் இந்தக் கிழக்குப் பகுதி முதலில் இத்தாலியப் படையின் கையிலும் பிறகு ஜெர்மன் படையின் கையிலும் இருந்தது. கரையெங்கும் சிப்பாய்கள் நின்றார்கள். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் தீவுக்குள் கால் வைக்கத்தான் எவனும் துணியவில்லை. அந்த ஆண்டுகளில் பசி கடுமையாக இருந்தது.

அதுவரை உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு மருந்தென்று இருந்தது சால்மூக்ரா எண்ணெய். அந்த இனத்து மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. நாம் நீரடிமுத்து என்கிறோம், சித்த வைத்தியத்தில் அதன் எண்ணெய்க்கு இடமுண்டு. ஊசியாகப் போட்டால் வலி உயிர்போகும், குணம் நிச்சயமில்லை. 1941இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனையில் புரோமின் என்ற சல்போன் மருந்து பலன் கொடுத்தது. அது விலை அதிகம், இரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும். ஏழை நாட்டுக்கு ஒத்துவராது. அதன் மூலப்பொருளான டாப்சோனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று 1946 வாக்கில் துணிந்து கொடுத்துப் பார்த்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர். அவர் கொடுத்துப் பார்த்தது எங்கே தெரியுமா? செங்கல்பட்டில், திருமணி தொழுநோய் மருத்துவமனையில். விலை மலிந்த டாப்சோன் மாத்திரை உலகெங்கும் பரவியதற்குப் பின்னால், பெயர் தெரியாத நம்மூர் நோயாளிகளின் உடம்பும் பொறுமையும் இருக்கின்றன.

1940களின் பிற்பகுதியில் சல்போன் மருந்துகள் ஸ்பினலோங்காவுக்கும் வந்து சேர்ந்தன. புண்கள் ஆறின. கிருமி இல்லை என்ற பரிசோதனை முடிவோடு ஆட்கள் அதே சுரங்கத்தின் வழியே வெளியே நடந்தார்கள். 1957இல் குடியிருப்பை மூடினார்கள். போக இடமில்லாதவர்களையும் முழுதாகக் குணமாகாதவர்களையும் ஏதென்சின் அகியா வர்வாரா மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். 21 ஆண்டுகள் தீவில் கழித்த ரெமுந்தாகிசும் அவர்களில் ஒருவர். பின்னாளில் கண்பார்வை இழந்த நிலையிலும் தன் வாழ்க்கையைச் சொல்லிப் பதிவு செய்தார்.

படையும் பஞ்சமும் கடலும் காலி செய்த ஊர்களுக்கு நடுவே, நோய் தீர்ந்ததால் காலியான ஊர் இது. இதன் பாழ்நிலையைப் பார்த்து மனம் கனக்கும்போது, இது பாழானதே நல்லது என்ற நிம்மதியும் கூடவே வருகிறது.

மூடிய பிறகு பல ஆண்டுகள் தீவைக் கவனிப்பார் இல்லை. ஜன்னல் சட்டங்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வந்த அரசுகளுக்கும் மறதி வசதியாக இருந்தது. 2005இல் விக்டோரியா ஹிஸ்லப் எழுதிய ‘தி ஐலண்ட்’ நாவலும், 2010இல் கிரேக்கத் தொலைக்காட்சியில் வந்த அதன் தொடரும் கூட்டத்தைக் கொண்டுவந்தன. இன்று கோடைக்காலத்தில் படகுகள் வரிசையாக வருகின்றன. வழிகாட்டிகள் கொத்தளங்களின் பெயரைச் சொல்கிறார்கள், வெனிஸ் சிங்கச் சின்னத்தைக் காட்டுகிறார்கள்.

போகிறவர்கள் அத்தோடு திரும்பிவிட வேண்டாம். கோட்டைச் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி இடுகாடு இருக்கிறது. வரிசையாகச் சிமெண்டுப் பலகை மூடிய குழிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒலூஸ் தேவாலயத்துத் தரையில் நன்கொடையாளர்களின் பெயர் ஆயிரத்தைந்நூறு ஆண்டு தாங்கியிருக்கிறது. இவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட வாய்க்கவில்லை. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இவர்களுக்காக ஒரே ஒரு மனிதர் தீவிலேயே தங்கிவிட்டார். நம் வீடுகளில் பதினாறாம் நாளும் வருஷத் திதியும் போல, கிரேக்க வைதீகத் திருச்சபையில் இறந்தவருக்கு 40ஆம் நாள், 6ஆம் மாதம், முதலாண்டு, மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு என்று நினைவு வழிபாடு உண்டு. அவித்த கோதுமையில் சர்க்கரையும் கொட்டைப்பருப்புகளும் கலந்து படைப்பார்கள். நோயாளிகள் எல்லோரும் போன பிறகும் தீவின் பாதிரியார் போகவில்லை. கடைசியாகப் புதைக்கப்பட்டவருக்கு ஐந்தாம் ஆண்டு வழிபாட்டை முடித்துவிட்டு, 1962இல் படகேறினார். அதன்பின் ஸ்பினலோங்காவில் யாரும் குடியிருக்கவில்லை.