கடிவாளம் பிடித்த கை

சென்ற வாரம் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஜாக்கி ஃபிரெட் ஆர்ச்சரைப் பார்த்தோம். அதே ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொருவரை ‘கறுப்பு ஆர்ச்சர்’ என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர் பெயர் ஐசக் பர்ன்ஸ் மர்ஃபி.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்ட 1861ஆம் ஆண்டில், அடிமை முறை நடைமுறையில் இருந்த கென்டக்கி மாநிலத்தில் ஐசக் பிறந்தார். தந்தை வடக்கத்திப் படையில் சேர்ந்து, முகாமிலேயே இறந்துபோனார். தாயின் பெயரே அமெரிக்கா. லெக்சிங்டன் நகரில் துணி வெளுத்துப் பிள்ளையை வளர்த்தார். அவர் வேலை செய்த வீட்டுக்காரருக்குப் பந்தயக் குதிரை லாயத்தில் பங்கு இருந்தது. அந்த வழியாகத்தான் பையன் லாயத்துக்குள் நுழைந்தான். ஈலை ஜோர்டன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் தொழில் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் தாய்வழித் தாத்தாவின் ‘மர்ஃபி’யைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் ஐசக்.

கறுப்பினப் பையன் ஜாக்கியாவது அன்று அதிசயமல்ல. 1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பிப் பந்தயத்தில் ஓடிய 15 குதிரைகளில் 13 குதிரைகளின் முதுகில் கறுப்பின ஜாக்கிகளே இருந்தார்கள். முதல் 28 டெர்பிகளில் 15 அவர்களுடையவை. தென்மாநிலப் பண்ணைகளில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, பழக்கி, ஓட்டி வந்தவர்கள் அடிமைகள். விடுதலைக்குப் பிறகும் அந்த வித்தை அவர்கள் கையில்தான் இருந்தது.

ஐசக்கின் பலம் சவுக்கு அல்ல, கடிவாளம். குதிரையின் வேகத்தை மனத்துக்குள்ளேயே கணக்கிட்டு, கடைசிக் கட்டம்வரை அதன் தெம்பைச் சேமித்து வைப்பார். தேவையான அளவு முந்தினால் போதும், அதற்கு மேல் குதிரையை வதைக்க மாட்டார். ஒரு தலை வித்தியாசத்தில் முடிந்த பந்தயங்களில் பணம் கட்டியவர்களின் நெஞ்சுதான் படபடத்தது.

1890 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே திடலில் சால்வேட்டர், டென்னி என்ற இரண்டு குதிரைகள் மட்டும் மோதின. தூரம் ஒன்றேகால் மைல். டென்னியின் மீது இருந்தவர் ‘ஸ்னாப்பர்’ கேரிசன். கடைசி நேரப் பாய்ச்சலுக்குப் பேர்போனவர். ஐசக் சால்வேட்டரை முன்னே விட்டிருந்தார். நேர்பாதையில் கேரிசன் அடித்து விரட்டிக்கொண்டு வர, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஐசக்கோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லைக் கம்பத்தைத் தொட்டபோது சால்வேட்டரின் மூக்கு முன்னே இருந்தது. அந்த முடிவு புகைப்படமானது. எல்லா வீலர் வில்காக்ஸ் என்ற புகழ்பெற்ற கவிஞர் ஜாக்கியே பேசுவதாக அதைக் கவிதையாக்கினார்.

இரண்டே மாதம். மான்மத் பார்க்கில் ஃபிரென்சி என்ற குதிரை கடைசியாக வந்தது. அதன் மேல் ஐசக் தள்ளாடிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்தார் என்று பத்திரிகைகள் தீர்ப்பு எழுதின. குளிர்காலத்தில் ஏறும் எடையைப் பட்டினி கிடந்து குறைப்பது இந்தத் தொழிலின் சாபம். அவர் உடல் அதில் நொந்திருந்தது. யாரோ மருந்து கலந்தார்கள் என்ற பேச்சும் எழுந்தது. நேர்மைக்குப் பேர் வாங்கிய மனிதர் மீது அந்தக் கறை அத்தனை சுலபமாகப் பூசப்பட்டதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அவர் பதில் அடுத்த மே மாதம் வந்தது. 1884இல் புக்கானனையும் 1890இல் ரைலியையும் ஓட்டி டெர்பி வென்றிருந்தவர், 1891இல் கிங்மேன் மீது ஏறினார். நான்கே குதிரைகள். ஜாக்கிகள் அனைவருக்கும் ‘முந்தாதே, காத்திரு’ என்று உத்தரவு. ஆகவே நான்கும் வரிசை கட்டி உலாவப் போவதுபோல ஓடின. பொறுமையில் ஐசக்கை யார் வெல்வது? கடைசியில் கிங்மேனை விட்டார், முடிந்தது. ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 52¼ வினாடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே தூரத்தை ஸ்போக்கேன் 2 நிமிடம் 34½ வினாடியில் கடந்திருந்தது. நேரம் எப்படியிருந்தால் என்ன, அடுத்தடுத்து இரண்டு டெர்பி வென்ற முதல் ஜாக்கி அவர். கிங்மேனின் உரிமையாளர்களில் ஒருவரும் பயிற்சியாளருமான டட்லி ஆலனும் கறுப்பினத்தவரே.

1,412 சவாரிகளில் 628 வெற்றி என்பது ஐசக் சொன்ன கணக்கு. கிடைத்த ஆவணங்களை மட்டும் வைத்து ஆய்வாளர்கள் போடும் கணக்கில் வெற்றி 34 சதவீதம். 8,084 சவாரிகளில் 2,748 வென்ற ஆர்ச்சரின் விகிதமும் அதுவே. இன்று 20 சதவீதம் வெல்பவரே சிறந்த ஜாக்கி.

1896 பிப்ரவரி 12 அன்று நிமோனியாவில் லெக்சிங்டனில் ஐசக் இறந்தார். மூன்று மாதம் கழித்து, இனப் பிரிவினை செல்லும் என்று பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பந்தயத் திடலிலும் அந்தக் காற்று வீசியது. வெள்ளை ஜாக்கிகள் சேர்ந்துகொண்டு கறுப்பினத்தவரின் குதிரைகளை வேலியோரம் நெருக்கினார்கள். குதிரைக்கு அடிபடுமே என்று பயந்த முதலாளிகள் அவர்களுக்குச் சவாரி தருவதை நிறுத்தினார்கள். ஒரு தலைமுறைக்குள் இடம் காலியானது. ஐசக்கின் கல்லறை எதுவென்றே ஊர் மறந்தது. 1955இல் சரட்டோகா குதிரைப் பந்தய அருங்காட்சியகத்தின் புகழ்மன்றம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஜாக்கிகளில் அவரும் ஒருவர். 1960களில் ஃபிராங்க் போரீஸ் என்ற பத்திரிகையாளர் தேடி அலைந்து கல்லறையைக் கண்டுபிடித்தார்.

டெர்பி வென்ற கடைசிக் கறுப்பின ஜாக்கி ஜிம்மி விங்க்ஃபீல்டு. 1901, 1902 என இரண்டு முறை வென்றவருக்குச் சொந்த நாட்டில் சவாரி குறைந்தது. கப்பலேறி ரஷ்யா போனார். ஜார் மன்னரின் நாட்டில் அவர் பெற்ற வெற்றிகளையும், புரட்சியின் நடுவே இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளோடு ஒடெஸ்ஸாவிலிருந்து அவர் தப்பிய பயணத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.