தோட்டத்து லயங்களின் கூரை வரலாறு

லயம் என்றதும் நீண்ட கொட்டகையும், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளும் நம்மவர் நினைவுக்கு வரும். சித்தியவானில் 1903-ஆம் ஆண்டு பூச்சோ சீனர் குடியேறினர். பின்னர் ரப்பர் பயிரிட்டு வளம் பெற்றனர். அதே வட்டாரத்துப் பெருந்தோட்டங்களில் பால்வெட்ட வந்த தமிழர்க்கோ லயமே ஊராயிற்று. அவ்வூரின் சரித்திரத்தைக் கூரையைக் கொண்டே எழுதிவிடலாம்.

முதற்கூரை அத்தாப்பு. நீப்பா ஓலையால் வேய்ந்தது, குளிர்ச்சியானது. ஆனால் சில ஆண்டுகளில் மட்கிப்போகும். ஒரு தீப்பொறி பட்டால் லயமே சாம்பலாகும். அடுத்து வந்தது தகரம். உச்சிப் பொழுதில் அது அடுப்பு. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேளாது.

மூன்றாவதாக வந்ததே கல்நார்ச் சிமெண்டுத் தகடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் இதனைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்பது பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு நார் என்பது கணக்கு. தீப்பற்றாது, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. 1960-களில் ஈப்போவிலேயே இதற்கோர் ஆலை ஏற்பட்டது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966-இல் வந்தது. ஒழுகாத கூரை கிடைத்ததே என்று மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. இந்நாரின் தீமை அதற்கு வெகுகாலம் முன்னரே அறியப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண் நுரையீரல் கெட்டு 1924-இல் மாண்டார். அவர் நோயை டாக்டர் குக் ஆராய்ந்து எழுதினார். 1931-இல் அந்நாட்டு ஆலைகளுக்குத் தூசு தடுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. நுரையீரலுறையில் தோன்றும் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் வெளியிட்டனர். துரைமாரின் சொந்த நாடு அறிந்த செய்தி, லயத்துக்கு எட்டவில்லை. மலேசியாவில் கல்நார்த் தொழிலுக்கெனத் தனி விதிமுறைகள் 1986-இல்தான் வந்தன.

இன்று பழைய லயங்களையும், அக்காலத்து மலிவு வீடுகளையும் புதுப்பிக்கும் குடும்பங்கள் பல. உடையாத தகடு தானாகத் தீங்கு செய்வதில்லை. அறுத்தாலும் துளையிட்டாலும் சுத்தியலால் உடைத்தாலும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். நோயோ இருபது, நாற்பது ஆண்டுகள் ஒளிந்திருக்கும். தந்தை இடித்த தூசு, மகன் திருமணம் முடிந்த பின்னர்த் தலைகாட்டலாம். ஆகவே கூரை நல்ல நிலையில் இருப்பின் அதைத் தொடாதிருத்தல் நலம். கழற்றியே தீரவேண்டுமாயின் பயிற்சி பெற்றவரிடம் விடுக. தகட்டை நன்கு நனைத்து, ஆணியைப் பக்குவமாக நீக்கி, முழுதாக இறக்குவதே முறை. துணிக்குட்டை இத்தூசைத் தடுக்காது. அதற்குரிய முகக்கவசம் வேண்டும். மேலும், பழந்தகடு ஆள்பாரம் தாங்காது. மேலேறி நடந்தவர் உள்ளே விழுந்து உயிரிழப்பதுண்டு.

தரைவேலை கூரைக்குப் பிந்தியதாக இருக்கட்டும். விழுந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். லயத்துத் தரை மேடுபள்ளமாவதற்கு அடிமண் இறங்கியதோ வாய்க்கால் நீர் கசிந்ததோ காரணமாகலாம். அதைக் கண்டு சீர்செய்யாமல் மேலே சிமெண்டு பூசினால் மறுபடியும் வெடிக்கும். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய சமையற்கட்டு அரையடி தாழ்ந்திருப்பதும் உண்டு. இருட்டில் பாட்டிமார் இடறி விழுவது அங்கேதான். கண்ணாடிக் குழாயில் நீர் நிரப்பி நான்கு மூலையிலும் மட்டம் பார்க்கும் கொத்தனார் வழக்கம் இன்றும் பிழைபடாதது. பழைய ஒட்டுத்தரைச் சதுரங்களிலும் அவற்றின் கரும்பசையிலும் கல்நார் கலந்திருக்கக் கூடும். அவற்றைச் சுரண்டுவதினும் தேய்ப்பதினும், மேலே புதுத்தரை போட்டு மூடிவிடுதல் மேல்.

2005-ஆம் ஆண்டு விதிகள் கல்நார்க் கழிவை அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. கால்வாயோரத்தில் கொட்டுதல் குற்றம். சேற்றுப்பாதையில் பரப்பிய உடைசல்களும், கோழிக்கூட்டின்மேல் மூடியாகக் கிடக்கும் துண்டுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.