குடும்பப் பெயரும் கட்டளைப் பட்டியலும்: ஜிசிசி கையேடு குறித்து

ஜிசிசி கம்பைலரின் கையேட்டில், எக்ஸ்86 நுண்செயலிகளுக்கான ‘எம்ஆர்ச்’ விருப்பத்தின் கீழ் ஐ686 என்றொரு பெயர் உண்டு. அதைக் கொடுத்தால் பென்டியம் புரோவின் கட்டளைத் தொகுதி பயன்படும். ஆகவே ஐ686 குடும்பச் சில்லுகள் எல்லாவற்றிலும் நிரல் ஓடும் என்கிறது கையேடு. இடறுவது அந்த ‘ஆகவே’தான்.

1995-இல் வந்த பென்டியம் புரோவுடன் ‘சிமூவ்’ கட்டளை அறிமுகமானது. நிபந்தனை பொருந்தினால் மட்டும் மதிப்பை நகர்த்தும். ஒரு தாவல் மிச்சம். இன்டெல் இதை எல்லாச் சில்லுக்கும் பொதுவென்று சொல்லவில்லை. சில்லின் திறன்களைத் தெரிவிக்கும் சிபியுஐடி கட்டளை காட்டும் கொடியைச் சோதித்த பிறகே பயன்படுத்தச் சொன்னது. வியா நிறுவனத்தின் தொடக்ககால சி3 சில்லுகள் சிபியுஐடியில் தங்களை ஆறாம் குடும்பம், அதாவது ஐ686, என்றே அறிவித்துக்கொண்டன. சிமூவ் அவற்றில் கிடையாது.

ஏஎம்டியின் ஜியோட் எல்எக்ஸ் சில்லு இன்னும் விசித்திரம். அதில் சிமூவ் உண்டு, ‘நீண்ட நாப்’ இல்லை. நாப் எதையும் செய்யாது. அடுத்த கட்டளை வசதியான முகவரியில் தொடங்கட்டும் என்று அசெம்பிளர் இடைவெளியில் இட்டு நிரப்புவது. சும்மா இருப்பதற்கென்றே வைத்த கட்டளையில் நிரல் செத்து விழுந்தது. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12 நீண்ட நாப்பைக் கட்டாயமாக்கியபோது ஜியோட் வெளியேற நேர்ந்தது.

சில்லு செய்பவர் செய்யும் குளறுபடிக்குக் கையேடு என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஹாஸ்வெல் என்ற மற்றொரு பெயருக்கு எதிரே கையேடு ஏவிஎக்ஸ்2 என்ற வெக்டர் கட்டளைகள் உட்படக் கட்டளைகளை வரிசையாகவே தருகிறது. ஆனால் அந்த வரிசையை ‘இன்டெல் ஹாஸ்வெல்’ என்ற சில்லின் இயல்பாகச் சொல்கிறது. 2013-இல் வந்த பென்டியம் ஜி3220-உம் ஹாஸ்வெல்தான். இன்டெல் அதில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டையும் தரவில்லை. கையேட்டை நம்பித் தொகுத்த நிரல் அங்கே தொடங்கும், ஓடும், சில்லில் இல்லாத முதல் கட்டளையை எட்டியதும் சட்டவிரோதக் கட்டளை என்று நிற்கும். தொடக்கத்திலேயே நின்றிருந்தால் சோதனையில் பிடிபட்டிருக்கும். ஆக, கையேடு தர வேண்டியது சில்லின் வர்ணனை அல்ல, கம்பைலர் எவற்றை இருப்பதாக வைத்துக்கொள்கிறது என்ற அறிவிப்பு.

2020-இல் வகுக்கப்பட்டு ஜிசிசி 11-இல் இடம்பெற்ற எக்ஸ்86-64-வி2, வி3, வி4 என்ற கட்டளைத் தொகுதி நிலைகள் இந்த வழியில் வந்தவை. அவை எந்தச் சில்லையும் பெயர் சொல்லாததால் பொய்யாக வழியில்லை. அதற்கு விலையும் உண்டு: தனிச் சில்லுக்கேற்ப நிரலின் வேகத்தைச் செப்பனிடும் ‘எம்டியூன்’ அமைப்பு அவற்றோடு வராது, பொது அமைப்பே வரும்.

ஜிசிசியின் மூல நிரலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது இயக்கும் கட்டளைத் தொகுதிகள் அட்டவணையாக இருக்கின்றன. கையேட்டு வாசகம் கையால் தனியே எழுதப்படுகிறது. அட்டவணையிலிருந்தே கையேட்டின் அந்தப் பகுதியை உருவாக்குவது கடினமான வேலையல்ல. அதுவரை, ‘-க்யூ --ஹெல்ப்=டார்கெட்’ என்று கம்பைலரிடமே கேட்டுப் பெறும் பட்டியலைத்தான் நிரலர் சான்றாகக் கொள்ள வேண்டும்.