ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

நண்பி ஒருத்தியின் அப்பப்பா வீட்டில் பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் திறந்தோம். உள்ளே கைவிசை கிராமபோன் ஒன்று, மூன்று இசைத்தட்டுகள், துருப்பிடித்த ஊசிகளோடு ஒரு சின்னத் தகர டப்பா. தட்டுகளில் ஒன்றின் லேபிள் முழுக்க உரிஞ்சு போய்க் கிடக்கு. அதில பாடுறது ஆர் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. "போட்டுப் பாப்பம்" எண்டு எங்களில் ஒருவர் ஊசியையும் கையில் எடுத்துவிட்டார். டப்பா மூடியில் இருந்த ஆங்கில எழுத்துகள்தான் எங்களை நிறுத்தின. ஒரு ஊசியை ஒருமுறைக்கு மேல் பாவிக்க வேண்டாமாம். ஏன்? அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் எழுதியதுதான் இது.

1877இல் எடிசன் குரலை முதலில் பதிந்தது மெல்லிய தகரத்தாளில். சில தடவை ஊசி ஓடினாலே அந்தத் தாள் கிழிந்து குரலும் போய்விடும். பத்து வருடங்களில் எமில் பெர்லினர் தட்டையான தட்டுக்கு மாறினார். பிறகு அந்தத் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டன. எங்கள் பக்கத்து நாடான இந்தியாவின் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின்தான் அரக்கு. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பனியின் தட்டுத் தொழிற்சாலையே வந்துவிட்டது.

ஆனால் அரக்கு மட்டும் போதாது. அதோடு நுண்ணிய கல்தூளையும் கலந்தார்கள். தட்டு உறுதியாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கல்தூள் உருக்கு ஊசியின் நுனியை அரைத்து, தட்டின் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். மூன்று, நான்கு நிமிடத்தில் ஒரு பக்கம் முடியும்போது ஊசியின் நுனி தேய்ந்து, அதன் ஓரங்கள் உளி மாதிரி ஆகிவிடும். அதே ஊசியை இன்னொரு பக்கத்தில் வைத்தால் அது பாட்டை வாசிக்காது, செதுக்கும். ஊசி தேயவேண்டும், தட்டு தேயக்கூடாது என்பதுதான் கணக்கு. ஊசியை மிச்சம் பிடித்த வீடுகளில் தட்டுத்தான் அதற்கு விலை கொடுத்தது. தட்டில் கூடுதல் பாசம் வைத்த ஆக்கள் மூங்கில் ஊசி, கள்ளிமுள் ஊசி என்று பாவித்தார்கள். சத்தம் குறைவு, ஒவ்வொரு தடவையும் நுனியைச் சீவவும் வேணும். ஆனால் தட்டுக்கு அவ்வளவு நோகாது.

இலங்கைக்கும் இந்த ஊசிக்கும் பழைய உறவு உண்டு. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையொன்றில், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக்கொண்டு ஒலிபரப்பை முயன்று பார்த்தபோது காற்றில் போனது கிராமபோன் இசைதான்.

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டை வெளியிட்டதும் எல்லாம் தலைகீழானது. வினைல் மென்மையானது, பள்ளம் மிக ஒடுங்கியது. பழைய ஊசிநுனியின் ஆரை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்களவு என்றால், எல்பிக்கு ஒரு பங்குதான். ஊசி நீலக்கல்லாகி, பிறகு வைரமானது. இன்று அது தட்டில் அழுத்தும் பாரம் பெரும்பாலும் இரண்டு கிராம் அளவில்தான். எறிந்துவிட்டு வேறு போடும் பொருளாக இருந்த ஊசி, பராமரிக்க வேண்டிய பொருளாகியது.

இன்னொரு நண்பரின் எல்பி பிளேயரில் அதைப் பழகினோம். குரல் கரகரத்தது. தட்டுப் பழுது எண்டு நினைச்சம். பார்த்தால் நுனியில் தும்புத் தூசு. விரலால் துடைக்கவே கூடாது. அம்ப்ளிஃபயர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மென்மயிர்த் தூரிகையால் பின்னிருந்து முன்னுக்கு, அதாவது தட்டு ஓடும் திசையில் மட்டும் தடவுங்கோ. பக்கவாட்டில் போனால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். பிடிவாதமான அழுக்குக்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு துளி. கூடினால் வைரத்தை ஒட்டியிருக்கும் பசை இளகலாம். வைரமும் தேயும். 500 முதல் 1000 மணித்தியாலம் வரையென்று பொதுவாகச் சொல்கிறார்கள். தேய்ந்த வைரம் அந்தப் பழைய உருக்கு ஊசியின் வேலையைத்தான் செய்யும்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு மூலாதாரத்தை வாசி என்றுதான் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் இங்கே வாசிப்பதே மூலாதாரத்தைத் தேய்க்கிறது. எங்கட ஆக்கள் ஏடு செல்லரிக்க முதல் இன்னொரு ஏட்டில் படி எடுத்து வைத்ததும் ஏறக்குறைய இதே பயத்தில்தான். தொடாமல் கேட்கவும் வழி வந்திருக்கிறது. 1860இல் பாரிஸில் எடுவார் லெயோன் ஸ்கொட் புகைக்கரி பூசிய தாளில் கீறி வைத்த ஒரு பாட்டை, 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் படம்பிடித்துக் கணினியால் ஒலியாக்கினார்கள். ஊசி படவேயில்லை.

அந்த வசதி எங்களிடம் இல்லை. அதனால் பெயரில்லாத அந்தத் தட்டை நாங்கள் இன்னும் போடவில்லை. துருப்பிடித்த டப்பாவை மூடி வைத்தாயிற்று. உருக்கு ஊசிகள் இன்றும் புதிதாக விற்கப்படுகின்றன, சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் தட்டின் தூசைத் தட்டி, பக்கத்தில் ஒரு ரெக்கோடரை வைத்து, புது ஊசியால் ஒரே ஒருதடவை போடுவோம். அப்பப்பாவோட வயசு ஆக்கள் ரெண்டு மூண்டு பேரையும் கூப்பிட வேணும். குரலை அடையாளம் சொல்லக்கூடிய ஆக்கள் இப்ப அவர்கள் மட்டும்தான்.