விசுவாசம் எளிதா, கடினமா? – மணப்பாடு முதல் தரங்கம்பாடி வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த சண்டைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பி.காம். படிக்கிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் சொந்த ஊர் மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததால் மண்ணூருக்குக் குடிவந்தோம். இந்தப் பக்கம் எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. அம்மாவைப் பெற்ற பாட்டியும் எங்களோடுதான் இருக்கிறார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலையும் மாலையும் செபமாலை உருட்டாமல் இருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்.

இரண்டு தெரு தள்ளிச் சித்தி வீடு. சித்தி சில வருஷங்களுக்கு முன் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். நாங்கள் "செபம்" என்போம், அவர் "ஜெபம்" என்பார். அன்றைக்கு வந்தவர் பாட்டியிடம், "அம்மா, நீ சொல்றதெல்லாம் வெறும் மனப்பாடம். அதுக்கு அர்த்தம் தெரியுமா ஒனக்கு? பூசை, பாவசங்கீர்த்தனம், நேர்ச்சை இதெல்லாம் எதுக்கு? இயேசுவை விசுவாசிச்சா போதும், அவ்வளவு ஈசி" என்றார். மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

பாட்டி ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ எழுபது வருஷமா நான் சொன்னதெல்லாம் கணக்குல வராதாடி?"

யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கு என்று சொல்லிவிட்டார் அல்லவா, அதனால் நான் தேட ஆரம்பித்தேன்.

சித்தி சொல்வது போல ஒன்று எளிது, மற்றொன்று கடினமா? நம் அக்கவுண்டன்சி பாடத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு படித்திருக்கிறோம். மெஷின் வாங்க ஒரே தடவை போடும் பணம் முதலினச் செலவு. அதை ஓட்ட மாதாமாதம் ஆகும் செலவு வருவாயினச் செலவு. ஒரு மதத்துக்குள் நுழைய என்ன விலை, நுழைந்த பின் தினம் என்ன விலை என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளிகிறது. நம் தமிழ்நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

வாசல் எளிது: முத்துக்குளித்துறை

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் அவர்களுக்குப் போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதுதான் காரணம். மறைக்க ஒன்றுமில்லை, என் முன்னோர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர் ஆட்களின் உதவியோடு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் மாற்றி, தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகைக்கு இன்றும் கூட்டம் வருகிறது. பாட்டி செபம் கற்றதும் இதே வழியில்தான், காதால் கேட்டு.

ஆனால் ஒரு சுவாரசியமான விஷயம். அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று இருந்ததாம்! அதாவது "கடவுளை நம்புகிறேன்" என்பதற்குப் பதில் "கடவுள் எனக்கு வேணும்" என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் தன் தோழர் மன்சில்ஹாஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் திருத்தச் சொல்கிறார் சவேரியார். சித்தி சொல்லும் குறை இங்கே நிஜம்தான். அர்த்தம் சரியாகத் தெரியாமலே ஒரு கடற்கரை முழுவதும் செபம் சொன்னது.

அதைச் சரிசெய்ய ஒரு ஆயுள் முழுக்க உழைத்தவர் என்றிகே என்றீக்கஸ் அடிகளார். முத்துக்குளித்துறையிலேயே ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தார், 1600-ல் இறந்தார். தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மண்ணில் இந்திய மொழியில் அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். அடுத்த வருஷம் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1580-ல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சின்னச் செபப் புத்தகம், பிறகு பாவத்தை எண்ணிப் பார்த்துச் சொல்லும் புத்தகம். வாசலில் விலை குறைவு, உள்ளே போனபின் செலவு ஏறுகிறது. ஒருசந்தி, சுத்தபோசனம், பூசை, வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் என்று வாழ்நாள் முழுக்க வருவாயினச் செலவு.

நம்பினால் போதும், ஆனால் படிக்கணும்: தரங்கம்பாடி

1706 ஜூலை 9-ஆம் தேதி டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை, ஏறக்குறைய நம் வயது. இவர்கள் லுத்தரன்கள். விசுவாசம் மட்டும் போதும், புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்க முடியாது என்பது லுத்தரின் அடிப்படை. சித்தியின் சபை லுத்தரன் சபை இல்லை, வெகு பிற்காலத்தில் வந்தது. ஆனாலும் "விசுவாசம் மட்டும், வேதம் மட்டும்" என்ற வேர் அங்கிருந்துதான்.

கேட்க ரொம்ப எளிது. ஆனால் வேதம் மட்டும் போதும் என்றால் வேதத்தைப் படிக்கத் தெரியவேண்டுமே? அதனால் சீகன்பால்க் முதலில் தானே தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். பிறகு பள்ளிக்கூடம் தொடங்கினார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் 1719-ல் இறந்தபோது வயது 36. "நம்பினால் போதும்" என்ற ஒரு வரிக்குப் பின்னால் பள்ளிக்கூடம், அச்சகம், காகிதம், ஆசிரியர் சம்பளம் என்று எவ்வளவு பெரிய முதலினச் செலவு! படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு அந்த வாசல் உண்மையில் உயரமானது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த கத்தோலிக்கர் வீரமாமுனிவர், லுத்தரன்களை மறுத்து 'வேதவிளக்கம்' எழுதினார். தன் பக்கத்து உபதேசிமார்களுக்கு 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூலும் எழுதினார். அதில் உபதேசியார் எப்படி வாழவேண்டும் என்று சொல்கிறார். ஆக இரண்டு பக்கமும் எளிமையும் உண்டு, கடினமும் உண்டு, இருக்கும் இடம்தான் வேறு. சித்தியும் பாட்டியும் சமம் என்று முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் ராஜநாயக்கன் கதை கிடைத்தது.

நிஜமான விலை

ராஜநாயக்கன் தஞ்சாவூர் மன்னர் படையில் இருந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார், லுத்தரன் சபைக்கு வந்தார், வேலையை விட்டு உபதேசியார் ஆனார். சித்தி சொல்வாரே, தானாகப் படித்துத் தானாக நம்பினவர், அப்படிப்பட்ட ஆள். லுத்தரன் சபை 1733-ல் ஆரோன் என்ற தமிழரை முதல் போதகராக்கியது. ஆனால் ராஜநாயக்கனைப் போதகராக்கும் பேச்சு வந்தபோது மிஷனரிகள் பின்வாங்கினார்கள். அவர் தலித் சாதியில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதி விசுவாசிகள் தயங்குவார்கள் என்பதே காரணம். விசுவாசம் மட்டும் போதும் என்ற சபையில் அவருக்கு விசுவாசம் மட்டும் போதவில்லை.

கத்தோலிக்கர் பக்கம் வாழ்ந்ததா என்றால் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தி, மாமிசம் விட்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்றுத் தன் உடம்பை வருத்திக்கொண்டார். ஆனால் அவரிடம் வந்தவர்கள் சாதியை விடவேண்டியதில்லை. பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் போப்பாண்டவரே அனுமதித்தார். கடினமெல்லாம் சாமியாருக்கு, மற்றவர்களுக்கு எளிது. அதன் தொடர்ச்சியை நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் பார்க்கலாம். 1872-ல் கட்டி முடித்த கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார நடுவே தடுப்பு வைத்தார்கள். ஒரே பீடம், ஒரே பூசை, இரண்டு கூடம். 1910-ல் அந்தத் தடுப்பை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது.

ஒருவர் அந்த விலையை நேரடியாகக் கேட்டார். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபையில் இவாஞ்சலிக்கல் பிரிவைச் சேர்ந்தவர். சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, அடியோடு ஒழியவேண்டும் என்று 1833-ல் உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையை விட்டே விலகினார்கள். நோன்பு இருக்கச் சொன்னபோது இருந்தவர்கள், மனப்பாடம் செய்யச் சொன்னபோது செய்தவர்கள், பக்கத்தில் உட்காரச் சொன்னபோது எழுந்து போய்விட்டார்கள். (வெளியிலிருந்து வந்த ஒருவர் உத்தரவு போட்டு மாற்றமுடியுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.)

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு சபை நம்மிடம் எத்தனை கேட்கிறது என்பதை வைத்து விசுவாசம் எளிதா கடினமா என்று சொல்லமுடியாது. நாம் கொடுக்கத் தயாராக இருப்பதை எத்தனை கேட்டாலும் அது எளிதுதான். ஒரு நாள் சாப்பாட்டை விடலாம், ஆனால் தெருவில் இருக்கும் அந்தஸ்தை விடுவது? நம் ஊரில் கிறிஸ்தவம் கடினமானது அந்த ஒரு இடத்தில்தான். அங்கே இரண்டு பக்கமும் பல தடவை தோற்றிருக்கிறது.

இந்தக் கண்ணாடியைப் போட்டு எங்கள் வீட்டைப் பார்த்தேன். "அவ்வளவு ஈசி" என்ற சித்தி, சபைக்காகக் கம்மலைக் கழற்றியவர். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறார், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தில் ஒரு நாள் இரவு முழுக்க ஜெபம். அவருக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. பாட்டிக்கும் செபமாலை கஷ்டமில்லை. இருவருக்கும் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சித்தி, "அம்மாவோட எழுபது வருஷமும் கணக்குல வரும்" என்று சொல்லவேண்டும். பாட்டி, சபை மாறிய மகள் வீட்டில் கைநனைக்கவேண்டும். அன்றிலிருந்து இரண்டும் நடக்கவில்லை.

போன வாரம் பாட்டியிடம் அந்த "வேணும்" கதையைச் சொன்னேன். பிழையாகச் சொன்னதைச் சவேரியார் திருத்தினார் என்றேன். பாட்டி சிரித்தார்.

"அதுல என்னடா பெரிய தப்பு? வேணும்னு தோணாதவன் எதுக்கு நம்பப்போறான்?"

இதைச் சித்தியிடமும் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அம்மா சாப்டாங்களா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சண்டை இருந்தால், எந்த மதமானாலும் சரி, யார் எதை விடத் தயங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.