குசினி மேசையும் ஆய்வுகூடமும்

உத்தியோகமும் குடும்பமுமாய் ஆனபின் மீண்டும் படிக்கத் துணிந்த பழைய மாணவியர் நம்மிடையே பலர். இவர்களைப் போன்றோருக்காக 1969 இல் பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அமைச்சர் ஜெனி லீ அம்மையார் அதற்காக வாதாடியபோது, எதிர்க்கட்சியினரான இயன் மக்லியொட் அதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார்.

1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 பேர் கற்கத் தொடங்கினர்; கணிசமானோர் ஆசிரியர்கள். விஞ்ஞானத்தைத் தபாலிற் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை ஒரு பெட்டியாய் வீடு வந்தது. தராசு, இரசாயனப் பொருட்கள், கையடக்கமான மக்காதர் நுணுக்குக்காட்டி எல்லாம் அதற்குள். பிள்ளைகள் உறங்கியபின் குசினி மேசையே ஆய்வுகூடம். (இராச்சாப்பாடு எங்கே வைத்தார்களோ!) பாடநெறி முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பவேண்டும்.

பெட்டிக்குள் அடங்காதவற்றுக்குக் கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழகத்தில் தங்கிப் பயில வேண்டியிருந்தது. அதற்கு லீவு பெறுவதும், பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைப்பதும் தாய்மாருக்குப் பரீட்சையிலும் கடினமாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவாகியது. நாவலையில் தலைமையகம், யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. இங்கே செய்முறைக்காக மாணவியரே ஆய்வுகூடத்தைத் தேடிச் செல்கின்றனர், பெரும்பாலும் வார இறுதியில், வீட்டுச் சமையலை முடித்துவிட்டு.