வெர்மான்ட் தனியாட்சி வாதம்

வெர்மான்ட், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒட்டியுள்ள சிறிய மலை மாநிலம். 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 6,43,077. வயோமிங்கை விட்டால் நாட்டில் இதைவிடக் குறைந்த மக்களுள்ள மாநிலம் வேறில்லை. 1777 முதல் 1791 வரை இது யாருக்கும் கட்டுப்படாத தனிக் குடியரசாக இருந்தது. அந்த 14 ஆண்டுகளின் நினைவு இன்றும் அங்கே அரசியல் சரக்காகப் புழங்குகிறது. வரி உயர்ந்தாலும், துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தாலும், மது அருந்தும் வயதை வாஷிங்டன் நிர்ணயித்தாலும், பழைய குடியரசை யாராவது ஒருவர் மேடையில் எடுத்துப் பேசிவிடுவார். ஆனால் தனிக்கொடியின்மேல் ஆசை கொண்டு அங்கே நடந்த சண்டைகள் குறைவு. பணத்தை யார் வசூலிப்பது, யார் செலவழிப்பது என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்கின.

நிலப்பட்டா தகராறு

குடியரசு பிறந்ததற்கே காரணம் ஒரு பட்டாத் தகராறு. நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநராக இருந்த பென்னிங் வென்ட்வொர்த், கனெக்டிகட் ஆற்றுக்கு மேற்கே கிடந்த காட்டு நிலத்தை 1749 முதல் ஊர் ஊராகப் பிரித்து விற்றார். அந்த நிலம் தன் எல்லைக்குள் வருகிறதா என்பதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் தனக்கென ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கிக்கொள்ள மட்டும் அவர் மறக்கவில்லை. முதல் ஊருக்கு அவர் பெயரையே ஒட்டிப் பென்னிங்டன் என்று பெயரிட்டார்கள். 1764இல் பிரித்தானிய மன்னர் அந்த நிலம் நியூயார்க்குக்கே உரியது என்று தீர்த்தார். நியூயார்க் அதிகாரிகள் பழைய பட்டாக்களை ஏற்க மறுத்து, மறுபடி கட்டணம் கட்டச் சொன்னார்கள். ஒருமுறை காசு கொடுத்து நிலம் வாங்கி, மரம் வெட்டி, வீடு கட்டிக் குடியேறியவர்கள் இதற்கு இணங்கவில்லை.

1770 வாக்கில் பென்னிங்டனில் கேட்டமவுன்ட் என்ற மதுவிடுதியில் கூடி, ஈதன் ஆலன் தலைமையில் ஆயுதப் படை ஒன்றை அமைத்தார்கள். கிரீன் மவுன்டன் பாய்ஸ் என்று அது பெயர் பெற்றது. நியூயார்க் பட்டாவோடு வந்த நில அளவையாளர்களை விரட்டுவதும், குடிசைகளைக் கொளுத்துவதும், பிடிவாதக்காரர்களைப் பீச் மர விளாரால் அடித்து அனுப்புவதும் அதன் வேலை. பள்ளிப் பாடநூல்கள் ஆலனை வீரராகவே காட்டுகின்றன. 1775 மே மாதம் டைகோன்டெரோகா கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் என்பதால் அந்தப் புகழ் பொய்யல்ல. ஆனால் அவரும் அவர் சகோதரர்களும் அதே நிலத்தில் பெரும் பரப்பை வாங்கி விற்ற வணிகர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடியரசு, 1777–1791

1777 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய மாநாடு, பிரித்தானியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுதலை அறிவித்தது. ஜூலையில் வின்ட்சர் ஊரில் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதுவும் ஒரு மதுவிடுதியில்தான். வயது வந்தோரை அடிமைகளாக வைத்திருப்பதை விலக்கியதும், சொத்து இல்லாத ஆண்களுக்கும் வாக்குரிமை தந்ததும் அந்தச் சட்டத்தின் சிறப்புகள். மக்கள் தம்மையும் நாட்டையும் காக்க ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டது. பிற்காலத் துப்பாக்கி வழக்குகள் எல்லாம் திரும்பிப் போய் நிற்கும் இடம் அந்த வாசகமே.

குடியரசின் கஜானா நிரம்பிய விதம் கவனிக்கத்தக்கது. குடிமக்கள்மீது வரி போடுவதற்குப் பதில், மன்னர் பக்கம் நின்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். புதிய நிலங்களையும் விற்றார்கள். ஈதனின் தம்பி ஐரா ஆலன் பொருளாளராக இருந்து நடத்திய ஏற்பாடு இது. போர்க்கடனைத் தீர்க்க அண்டை மாநிலங்கள் கடும் வரி வசூலித்த காலத்தில், வரி குறைந்த வெர்மான்டை நோக்கி மக்கள் குடிபெயர்ந்தார்கள். 1791 கணக்கெடுப்பில் அங்கே 85,000க்கும் அதிகமானோர் இருந்தனர். குறைந்த வரி தங்கள் மண்ணின் குணம் என்று பிற்காலத்தவர் பெருமை பேசுவதுண்டு. உண்மையில் அது அடுத்தவர் நிலத்தை விற்றுக் கிடைத்த சலுகை.

அமெரிக்கக் கண்ட மாமன்றம் நியூயார்க்கின் எதிர்ப்பால் இந்தக் குடியரசை அங்கீகரிக்கவில்லை. எனவே ஆலன் சகோதரர்கள் 1780இலிருந்து கியூபெக் ஆளுநர் ஃபிரெடரிக் ஹால்டிமண்டுடன் ரகசியமாகப் பேச்சு நடத்தினார்கள். மறுபடி பிரித்தானியாவோடு சேரும் எண்ணம் மெய்யாகவே இருந்ததா, மாமன்றத்தை மிரட்டும் தந்திரமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இதற்கிடையே குடியரசு 1785 முதல் சொந்தச் செப்புக் காசுகளை வெளியிட்டது, அஞ்சல் சேவை நடத்தியது. கடைசியில் நியூயார்க்குக்கு 30,000 டாலர் இழப்பீடு தருவதென்று உடன்பட்டு, 1791 மார்ச் 4 அன்று 14ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் இணைந்தது.

ஒன்றியத்துக்குள் முரண்டு

இணைந்த பிறகும் உரசல் ஓயவில்லை. 1807இல் அதிபர் ஜெஃபர்சன் வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டபோது, மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷை மான்ட்ரியலுக்கு விற்றுப் பிழைத்த வெர்மான்ட் விவசாயிகள் சாம்ப்ளேன் ஏரி வழியே கடத்தலில் இறங்கினார்கள். 1808 ஆகஸ்டில் பிளாக் ஸ்நேக் என்ற கடத்தல் படகைப் பிடிக்கப்போன இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் இறந்தனர். கடத்தல்காரர் ஒருவர் பர்லிங்டனில் தூக்கிலிடப்பட்டார்.

1930களில் மலைமுகடு நெடுகப் பூங்காச் சாலை அமைக்க ரூஸ்வெல்ட் அரசு பணம் தர முன்வந்தது. பெருமந்தத்தின் நடுவே வந்த அந்தத் தொகையை வெர்மான்ட் மக்கள் 1936 மார்ச் மாத ஊர்க்கூட்ட நாளில் வாக்களித்து நிராகரித்தார்கள். 1941 செப்டம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு முன்பே, வெர்மான்ட் சட்டமன்றம் நாடு ஆயுத மோதலில் இருப்பதாகத் தீர்மானம் போட்டது. வெர்மான்ட் தனியாக ஹிட்லர்மேல் போர் தொடுத்தது என்று இதை இன்றும் சுவைபடச் சொல்வார்கள். சட்டமன்றத்தின் நோக்கம் சாதாரணமானது: போர்க்காலம் என்று சொன்னால்தான் படையில் சேர்ந்த உள்ளூர் இளைஞர்களுக்கு மாதப்படி கொடுக்க முடியும்.

துப்பாக்கி

வெர்மான்டில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல எந்தக் காலத்திலும் உரிமம் தேவைப்பட்டதில்லை. ரட்லண்டு நகராட்சி, மேயர் அல்லது காவல்துறைத் தலைவரின் அனுமதி வேண்டும் என்று விதி செய்தபோது, மாநில உச்ச நீதிமன்றம் 1903இல் ரோசன்தால் வழக்கில் அதைச் செல்லாததாக்கியது. 2003இல் அலாஸ்கா இதே முறைக்கு மாறியபோது அதை வெர்மான்ட் முறை என்றே அழைத்தார்கள். நவம்பரில் மான் வேட்டைக்குப் போவது அங்கே குடும்பப் பழக்கம். ஆகவே இடதுசாரி, வலதுசாரி என்ற பிரிவினை இதில் எடுபடவில்லை. 1990இல் குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் தாக்குதல் துப்பாக்கித் தடையை ஆதரித்ததால், நேஷனல் ரைபிள் அசோசியேஷன் அவரைத் தோற்கடிக்கப் பாடுபட்டது. அதில் பயனடைந்து நாடாளுமன்றம் போனவர், தம்மைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட பெர்னி சாண்டர்ஸ்.

மாற்றம் 2018இல் வந்தது. ஃபேர் ஹேவன் ஊர்ப் பள்ளியில் துப்பாக்கிச் சூட்டுக்கான சதித்திட்டம் பிப்ரவரியில் அம்பலமானது. அதுவரை புதிய கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லிவந்த குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் தம் நிலையை மாற்றிக்கொண்டார். ஏப்ரல் 11 அன்று சட்டமன்றப் படிக்கட்டில், துரோகி என்ற கூச்சலுக்கு நடுவே, அவர் மூன்று மசோதாக்களில் கையெழுத்திட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது. வேட்டைப் பயிற்சி முடித்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயமானது. நீள்துப்பாக்கியின் மேகசினில் 10 தோட்டாக்கள், கைத்துப்பாக்கியில் 15 என்று உச்சவரம்பு வந்தது. மேகசின் வரம்பை மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. 2023இல் வாங்குவோர் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி, ஆளுநர் கையெழுத்திடாமலே சட்டமானது. இதில் எதையும் வாஷிங்டன் திணிக்கவில்லை.

சொத்து வரியும் கில்லிங்டனும்

தனியாட்சிப் பேச்சு எவ்வளவு தூரம் கீழே இறங்கும் என்பதை வரிச் சண்டையில்தான் நன்றாகக் காணலாம். 1997 வரை பள்ளிச் செலவை அந்தந்த ஊர்ச் சொத்து வரியே பெருமளவு சுமந்தது. பனிச்சறுக்கு விடுதிகளும் செல்வந்தர்களின் விடுமுறை வீடுகளும் நிறைந்த ஊர்கள் சிறிய வரி விகிதத்திலேயே நல்ல பள்ளிகளை நடத்தின. பால்பண்ணை ஊர்கள் அதிக விகிதத்தில் வரி கட்டியும் திண்டாடின. 1997 பிப்ரவரியில் பிரிகம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான கல்வி வாய்ப்பு தர வேண்டியது மாநிலத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. சில மாதங்களில் சட்டம் 60 நிறைவேறியது. மாநிலம் முழுதும் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.10 டாலர் என்று ஒரே விகிதம் வந்தது. பணக்கார ஊர்கள் கூடுதலாகத் திரட்டிய பணத்திலும் ஒரு பங்கு பொது நிதிக்குப் போனது.

தங்க ஊர்கள் என்று பெயர் பெற்ற அந்த ஊர்கள் கொதித்தன. சில ஊர்கள் பணத்தை அனுப்பாமல் நிறுத்தி வைத்தன. அங்கே குடியிருந்த நாவலாசிரியர் ஜான் இர்விங் இச்சட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார். பனிச்சறுக்குக்குப் பேர்போன கில்லிங்டன் ஊர் ஒருபடி மேலே போய், 2004 மார்ச் ஊர்க்கூட்டத்தில் வெர்மான்டை விட்டு விலகி நியூ ஹாம்ப்ஷயரோடு சேர்வதென்று தீர்மானித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியும் இல்லை, சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் அந்த மாநில எல்லை கில்லிங்டனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் ஊருக்கு 1761இல் பட்டயம் கொடுத்தவரே நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர்தான் என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். நியூயார்க்கை எதிர்த்து ஆலன் எடுத்துக் காட்டிய அதே வென்ட்வொர்த் பட்டயத்தை, இப்போது ஆலனின் மாநிலத்துக்கு எதிராகவே நீட்டினார்கள். விலகுவதற்கு இரு மாநிலச் சட்டமன்றங்களும் காங்கிரசும் இசைய வேண்டும். அது நடக்கவில்லை. கில்லிங்டன் இன்றும் வெர்மான்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் வெர்மான்ட் குடியரசு

மாநிலத்தையே ஒன்றியத்திலிருந்து பிரிக்கும் யோசனைக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் புத்துயிர் கொடுத்தவர்களில் அரசறிவியல் பேராசிரியர் ஃபிராங்க் பிரையன் முக்கியமானவர். முழு இயக்கமாக்கியவர் டியூக் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துவிட்டு வெர்மான்டில் குடியேறிய தாமஸ் நெய்லர். ஈராக் போர் தொடங்கிய 2003இல் இரண்டாம் வெர்மான்ட் குடியரசு என்ற அமைப்பை அவர் நிறுவினார். அமெரிக்கா ஆளமுடியாத அளவு பெருத்துவிட்டது, பேரரசாகிவிட்டது என்பது அவர் வாதம். மூத்த ராஜதந்திரி ஜார்ஜ் கெனன் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். 2005 அக்டோபரில் மான்ட்பீலியரில் சட்டமன்ற அவையிலேயே மாநாடு நடந்தது.

இயக்கம் சரிந்ததற்கு, தென்மாநிலப் பிரிவினைவாதிகளோடு அதற்கிருந்த தொடர்பு ஒரு காரணம். லீக் ஆஃப் தி சவுத் போன்ற அமைப்புகளோடு நெய்லர் கொண்ட உறவு வெளிப்பட்டபோது, போரெதிர்ப்பு உணர்வோடு வந்தவர்கள் பலர் ஒதுங்கினார்கள். 2010இல் ஆளுநர் தேர்தலில் தனிநாடு கேட்டு நின்ற வேட்பாளர் 1 விழுக்காடு வாக்கைக்கூட எட்டவில்லை. நெய்லர் 2012 டிசம்பரில் இறந்தார். சட்டப்படியும் வழி அடைபட்டே இருந்தது: எந்த மாநிலமும் தன்னிச்சையாக ஒன்றியத்தை விட்டு விலக முடியாது என்று 1869இலேயே டெக்சஸ் எதிர் ஒயிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

மது அருந்தும் வயது

மதுவிடுதிகளில் குடியரசாகப் பிறந்த மாநிலம் 1852இல் முழு மதுவிலக்குச் சட்டம் இயற்றி, 50 ஆண்டுகள் அதைக் கைவிடாமல் வைத்திருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். பிற்காலத்தில் தகராறு வயதைப் பற்றியதானது. 18 வயதில் வியட்நாமுக்கு அனுப்பலாம், வாக்களிக்க விடலாம் என்றால் பீர் குடிக்க ஏன் கூடாது என்ற கேள்வி வலுத்த 1971இல், வெர்மான்ட் வயதை 21இலிருந்து 18க்குக் குறைத்தது. 1984 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் நேரடியாக எந்த மாநிலத்துக்கும் ஆணையிடவில்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது கிடைக்கவிடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதல் ஆண்டு 5 விழுக்காடும் பிறகு 10 விழுக்காடும் வெட்டப்படும் என்று மட்டும் சொன்னது. இப்படிச் செய்யலாமா என்று சவுத் டகோட்டா தொடுத்த வழக்கில், செய்யலாம் என்று 1987இல் 7-2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

வெர்மான்ட் அந்தத் தீர்ப்பு வரை காத்திருக்கவில்லை. 1985 முடிவதற்குள் நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க் ஆகிய மூன்றும் 21க்கு மாறிவிட்டன. எல்லை தாண்டி வெர்மான்டுக்குக் குடிக்க வரும் இளைஞர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டே ஊர் திரும்புவார்கள் என்ற அச்சம் நியாயமானது. மலைச்சாலைகளைப் பனிக்காலத்தில் பராமரிக்க வேண்டிய சிறு மாநிலத்துக்கு ஒன்றிய நிதியை இழப்பதும் எளிதல்ல. 1986 ஜூலை 1 முதல் வெர்மான்டிலும் 21 ஆனது. வடக்கே கியூபெக்கில் இன்றும் 18தான். 1936இல் பூங்காச் சாலைக்கு மறுத்தது புதிதாக வரவிருந்த பணம். இப்போது பறிபோகவிருந்ததோ ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பணம். முரண்டு பிடிக்க இடமில்லாமல் போனது.

மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் இந்த வயது வரம்பு மாணவர்களை மறைவிடங்களில் அளவுமீறிக் குடிக்க வைக்கிறது என்று வாதிட்டு, 2007இல் சூஸ் ரெஸ்பான்சிபிலிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அமெதிஸ்ட் முன்னெடுப்பு என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் மறுவிவாதம் கோரிக் கையெழுத்திட்டார்கள். குடிபோதை விபத்துகளை எதிர்க்கும் தாய்மார் அமைப்பு இதை வன்மையாக எதிர்த்தது. சட்டம் மாறவில்லை.

2018 ஜனவரியில், மக்கள் வாக்கெடுப்பில்லாமல் சட்டமன்றத்தின் வழியே கஞ்சாவை அனுமதித்த முதல் மாநிலமானது வெர்மான்ட். ஒன்றியச் சட்டம் அதைக் குற்றமாகவே வைத்திருந்தது. அதற்கும், மூன்று மாதம் கழித்துத் துப்பாக்கிக்கும், சட்டமன்றம் வாஷிங்டன் கேட்காமலே வைத்த வயது 21.